சிஆர்எம்-மில் வெளியார் ஆப் சேர்க்கும் முன் எதையெல்லாம் சோதிப்பது?

#1 பனைநிழல்

வணக்கம். எங்கள் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரம் வைக்கும் மென்பொருள்) சேல்ஸ்ஃபோர்ஸ் எண்டர்பிரைஸ் பதிப்பு, 60 பயனர்கள். மூன்று ஆட்-ஆன் வாங்கும் பேச்சு ஓடுகிறது. ஒன்று, சிஆர்எம்-முக்குள்ளிருந்தே போன் செய்து அழைப்பைப் பதிவு செய்வது. இரண்டாவது, விலைப்புள்ளியை பிடிஎஃப் ஆக்குவது. மூன்றாவது, எஸ்எம்எஸ் அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் ஆப்எக்ஸ்சேஞ்சில் (சேல்ஸ்ஃபோர்ஸின் ஆப் சந்தை) நாலைந்து போட்டியாளர்கள். எல்லார் டெமோவும் அழகாகத்தான் இருக்கிறது. வசதிப் பட்டியலை எக்செலில் போட்டு டிக் அடித்தால் எல்லாரும் சமமாக வந்து நிற்கிறார்கள். இதைத் தாண்டி எதை வைத்துப் பிரிப்பது? வாங்கிய பிறகு தெரியவரும் சங்கதிகளை முன்னாடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 தரவுத்தச்சன்

டெமோவை மூடிவிட்டு சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கான நகல் தளம்) நீங்களே நிறுவிப் பாருங்கள். நிறுவும் திரையிலேயே பாதி விஷயம் வெளிவந்துவிடும். விற்பவர் தரும் இணைப்பு வழக்கமாக அசல் தளத்துக்குப் போகும். முகவரியின் தொடக்கத்தில் 'லாகின்' என்று இருப்பதை 'டெஸ்ட்' என்று மாற்றினால் சாண்ட்பாக்ஸுக்குப் போகும்.

அங்கே மூன்று தேர்வு வரும்: அட்மின்களுக்கு மட்டும், எல்லாருக்கும், குறிப்பிட்ட ப்ரொஃபைல்களுக்கு (பயனர் வகைகளுக்கு). முதலாவதை எடுங்கள். பிறகு ஆப்போடு வரும் பெர்மிஷன் செட்டை (அனுமதித் தொகுப்பு) சாதாரண பயனர் ஒருவருக்குக் கொடுத்து, அவராக உள்ளே நுழைந்து எல்லா வேலையும் நடக்கிறதா என்று பாருங்கள். அட்மினாக இருந்து சோதிப்பது சோதனையே அல்ல, அட்மினுக்கு எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். பெர்மிஷன் செட்டே தராமல் 'எல்லாருக்கும் நிறுவுங்கள்' அல்லது 'மாடிஃபை ஆல் டேட்டா (எல்லாத் தரவையும் திருத்தும் அனுமதி) கொடுங்கள்' என்று கையேட்டில் எழுதியிருந்தால், அந்த ஆப்பை எழுதியவர்கள் அனுமதி முறையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று பொருள்.

வெளித்தளங்களோடு பேசும் பேக்கேஜாக (நிறுவும் ஆப் தொகுப்பு) இருந்தால், எந்தெந்த இணையதளங்களுக்குத் தரவு போகலாம் என்று ஒரு பட்டியல் காட்டி ஒப்புதல் கேட்கும். பலரும் படிக்காமல் டிக் அடித்துவிட்டுப் போகும் திரை அது. படம் பிடித்து வைத்துக்கொண்டு, விற்பவரின் ஆவணத்தில் சொன்ன தளங்களோடு ஒப்பிடுங்கள். ஆவணத்தில் இல்லாத முகவரி இருந்தால் அது யாருடையது, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

பேக்கேஜ் மேனேஜ்டா, அன்மேனேஜ்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். மேனேஜ்ட் என்றால் குறியீடு மூடியிருக்கும், மேம்படுத்தல் விற்பவரிடமிருந்து வரும். அன்மேனேஜ்ட் என்றால் நகல் எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவதுபோல்தான். திருத்தலாம், ஆனால் மேம்படுத்தல் வராது, பழுதானால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இலவச ஆப்களில் இரண்டாவது வகை அதிகம் தென்படும்.

#3 தரவுத்தச்சன்

விட்டுப்போனது ஒன்று. உங்கள் தளத்தில் ஏற்கெனவே ஃப்ளோ, டிரிக்கர் (ரெக்கார்ட் மாறும்போது தானாக ஓடும் வேலைகள்) எவ்வளவு ஓடுகின்றன என்பதைப் பொறுத்து ஒரே ஆப் ஓரிடத்தில் நன்றாக ஓடும், இன்னோரிடத்தில் படுத்துவிடும். பாதுகாப்பு ஆய்வில் தேறிய மேனேஜ்ட் பேக்கேஜுக்குத் தனியாக 100 வினவல், 150 டிஎம்எல் (தரவை எழுதும் கட்டளை) ஒதுக்கீடு கிடைக்கும். 'அதனால் உங்கள் வரம்பை நாங்கள் தொடவே மாட்டோம்' என்று விற்பனையாளர் சொல்வார். அது பாதி உண்மை. சிபியு நேரமும் ஹீப் (நினைவக) அளவும் எல்லாருக்கும் பொது. ஒரு பரிவர்த்தனைக்கு மொத்தம் 10 விநாடி சிபியு, பின்னணியில் ஓடும் வேலை என்றால் 60 விநாடி. வாய்ப்பு (நடக்கும் விற்பனைப் பேச்சு) ரெக்கார்டைச் சேமிக்கும்போது உங்கள் ஃப்ளோக்கள் ஏற்கெனவே 6 விநாடி தின்கின்றன, ஆப் 5 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். சேமிப்பு விழும். பிழைச்செய்தியில் யார் பெயர் வரும் என்றால், வரம்பு தாண்டிய நொடியில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் பெயர். அதை வைத்துப் பழி போடாதீர்கள்.

எப்படிச் சோதிப்பது: டெவலப்பர் கன்சோலில் (குறியீடு ஓட்டும் திரை) ஒரே அப்டேட் கட்டளையால் ஒரே ஃபீல்டைத் திருத்துங்கள். முதலில் 1 ரெக்கார்ட், அடுத்து 200, அடுத்து 201. டிரிக்கர் 200 ரெக்கார்டு கொண்ட தொகுதிகளாகத்தான் ஓடும். ஒன்றுக்கு ஓடி 200-க்கு விழுந்தால் ஆப் மொத்தச் செயல்பாட்டுக்கு எழுதப்படவில்லை. 200-க்கு ஓடி 201-க்குத் தப்பாக எண்ணினால் முதல் தொகுதியில் வைத்த மதிப்பை இரண்டாவது தொகுதியில் மறுபடி பயன்படுத்துகிறது. டெமோவில் இரண்டையும் பார்க்க முடியாது. அங்கே எப்போதும் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருப்பார்.

டெவலப்பர் சாண்ட்பாக்ஸில் 200 எம்பி தரவுதான் அடங்கும். செயல்பாட்டைப் பார்க்க அது போதும், வேகத்தைப் பார்க்கப் போதாது. வேகத்துக்கு 5 ஜிபி கொள்ளும் பார்ஷியல் காப்பியாவது (அசல் தரவில் ஒரு பகுதியை எடுத்துவைக்கும் சாண்ட்பாக்ஸ்) வேண்டும்.

#4 எண்ணிப்பார்

போன் ஆப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனைநிழல், உங்கள் ஆட்கள் நாளைக்கு எத்தனை அழைப்பு போடுவார்கள்?

#5 பனைநிழல்

ஆளுக்கு 80 என்று வைத்துக்கொள்ளலாம். சராசரி 3 நிமிடம். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள்.

#6 எண்ணிப்பார்

அப்படியென்றால் நாளைக்கு 4,800 அழைப்பு.

முதலில் ஏபிஐ, அதாவது வெளி மென்பொருள் சிஆர்எம்-மோடு பேசும் வழி. எண்டர்பிரைஸுக்கு 24 மணி நேரத்துக்கு அடிப்படை 1,00,000 ஏபிஐ அழைப்பு (போன் அழைப்பு அல்ல), அதோடு லைசென்ஸுக்கு 1,000. உங்களுக்கு 1,60,000. ஒரு ஆப் ஒவ்வொரு பயனருக்கும் நிமிடத்துக்கு ஒரு முறை 'புதுசா ஏதாவது இருக்கா' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் 60 × 1,440 = 86,400. யாரும் போனையே தொடாத ஞாயிற்றுக்கிழமையிலும் பாதிக்கு மேல் போய்விடும். மாற்றம் நடந்தால் மட்டும் தகவல் அனுப்பும் ஆப்புக்கு இந்தச் செலவே கிடையாது. ஆகவே கேள்வி: நீங்கள் போலிங் (இப்படி விடாமல் கேட்பது) செய்கிறீர்களா, நிகழ்வு வந்தால் மட்டும் பேசுகிறீர்களா? போலிங் என்றால் எத்தனை விநாடிக்கு ஒரு முறை, பயனர் கணக்கிலா, நிறுவனம் மொத்தத்துக்கும் ஒன்றா? 'ரியல் டைம்' என்று மட்டும் பதில் வந்தால் பதில் வரவில்லை என்று அர்த்தம்.

வரம்பு தீர்ந்தால் முதலில் அடிபடுவது போன் ஆப் ஆக இருக்காது. இரவில் ஓடும் உங்கள் கணக்குவழக்கு இணைப்பாக இருக்கலாம். இருக்கும் இணைப்புகள் ஏற்கெனவே எவ்வளவு எடுக்கின்றன என்று முதலில் அளந்து வையுங்கள்.

அடுத்து தரவு இடம். பெரும்பாலான ரெக்கார்டு ஒவ்வொன்றும் 2 கேபி என்றுதான் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கு வைக்கும், உள்ளே எவ்வளவு எழுதியிருந்தாலும். ஆப் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் ஒரு டாஸ்க் ரெக்கார்டு, கூடவே தன் சொந்த ஆப்ஜெக்டில் (அட்டவணை) ஒரு வரி என்று இரண்டு எழுதினால் நாளைக்கு 9,600 ரெக்கார்டு, சுமார் 19 எம்பி. 250 வேலைநாளுக்கு 4.8 ஜிபி. உங்கள் மொத்த ஒதுக்கீடு 10 ஜிபி, பயனருக்கு 20 எம்பி வீதம் இன்னும் 1.2 ஜிபி. கிட்டத்தட்ட பாதியை ஒரே வருடத்தில் ஒரே ஆப் எடுத்துக்கொள்ளும். பழைய வரிகளைத் தானாகக் கழிக்கும் வசதி இருக்கிறதா, கழித்தால் அறிக்கை என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவுதான் பெரிய பூதம். 64 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 480 கேபி, 3 நிமிடத்துக்கு 1.44 எம்பி. 4,800 அழைப்புக்கு நாளைக்கு 6.9 ஜிபி. உங்கள் கோப்பு இடம் 10 ஜிபி, பயனருக்கு 2 ஜிபி வீதம் 120, ஆக 130 ஜிபி. 19 வேலைநாளில் நிரம்பிவிடும். அதனால்தான் பல ஆப்கள் பதிவைத் தங்கள் சேமிப்பில் வைத்துக்கொண்டு இங்கே இணைப்பை மட்டும் ஒட்டுகின்றன. இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அத்தனை இணைப்பும் செத்துப்போகும். மொத்தமாக இறக்கித் தருவார்களா, எந்த வடிவில், கோப்புப் பெயரில் ரெக்கார்ட் ஐடி இருக்குமா? ஐடி இல்லாமல் லட்சம் ஒலிக்கோப்பு கையில் இருந்தும் பயனில்லை.

#7 மூன்றாம்வரிசை

> மொத்தமாக இறக்கித் தருவார்களா

இதைத்தான் முதல் கேள்வியாக வைப்பேன். நான் எந்த ஆப்பையும் நிறுவிய கையோடு நீக்கிப் பார்க்கச் சொல்வேன். நீக்க முடியாத ஆப்பை விலை பேசவே முடியாது.

அதுவும் வெறுமனே நிறுவி நீக்கினால் எல்லாமே சுத்தமாகப் போய்விடும், எதுவும் தெரியாது. ஆப்பின் ஃபீல்டு ஒன்றை ஒரு ஃப்ளோவில், ஒரு வேலிடேஷன் ரூலில், ஒரு ஃபார்முலாவில் பயன்படுத்துங்கள். நாலு நாள் தரவு போடுங்கள். பிறகு இன்ஸ்டால்ட் பேக்கேஜஸ் பக்கம் போய் நீக்குங்கள். நீக்க விடாது. எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியல்தான் இரண்டு வருடம் கழித்து நீங்கள் அவிழ்க்கப்போகும் முடிச்சு. அப்போது இதைப்போல் பல மடங்கு இருக்கும்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். நீக்கினால் ஆப்பின் ஆப்ஜெக்டுகள் மட்டுமல்ல, உங்கள் அக்கவுண்ட், காண்டாக்ட் போன்றவற்றில் அது சேர்த்த ஃபீல்டுகளும் அவற்றில் இருக்கும் தரவோடு போய்விடும். நீக்கும்போது தரவு நகல் வைக்கும் தேர்வு உண்டு, அது 48 மணி நேரம்தான் கிடைக்கும். வெள்ளி மாலை நீக்கிவிட்டு திங்கள் காலை வந்து தேடினால் இருக்காது.

என் பரிந்துரை: முக்கியமான மதிப்பை ஆப்பின் ஃபீல்டில் விட்டுவைக்காதீர்கள். உங்கள் சொந்த ஃபீல்டு ஒன்று வைத்து, ஆப்பின் ஃபீல்டிலிருந்து அதற்கு ஒரே ஒரு ஃப்ளோ மூலம் நகலெடுங்கள். அறிக்கை, ஃபார்முலா, மற்ற ஃப்ளோ எல்லாம் உங்கள் ஃபீல்டையே பார்க்கட்டும். நாளைக்கு ஆப் மாறினால் அந்த ஒரு ஃப்ளோவை மாற்றினால் போதும்.

#8 தரவுத்தச்சன்

> உங்கள் சொந்த ஃபீல்டு ஒன்று வைத்து

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லா ஃபீல்டுக்கும் இதைச் செய்யாதீர்கள். நகலெடுக்கும் ஃப்ளோவும் சிபியு தின்னும், ரெக்கார்டின் கடைசித் திருத்த நேரத்தையும் மாற்றும். அறிக்கைக்கோ முடிவுக்கோ போகும் நாலைந்து ஃபீல்டு போதும்.

#9 சாவிக்கொத்து

பாதுகாப்பை யாரும் தொடவில்லையே. 2025 ஆகஸ்டில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற அரட்டை ஆப் வைத்திருந்த ஓஆத் டோக்கன்கள் (கடவுச்சொல் இல்லாமலே நுழைய ஆப்புக்குத் தரும் சாவிகள்) திருடுபோயின. ஆகஸ்ட் 8 முதல் 18 வரை, அந்த டோக்கன்களை வைத்தே நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவை அள்ளினார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் ஓட்டை எதுவும் இல்லை, யாருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை, இரட்டைச் சரிபார்ப்பும் குறுக்கே வரவில்லை. டோக்கன் ஏற்கெனவே உள்ளே விடப்பட்ட ஆள். கேஸ் (ஆதரவுப் புகார்) ரெக்கார்டுகளில் வாடிக்கையாளர்கள் எழுதிவைத்த கடவுச்சொற்களையும் அமேசான் கிளவுட் சாவிகளையும்தான் குறிப்பாகத் தேடினார்கள். ஆகஸ்ட் 20 அன்று அந்த ஆப்பின் எல்லா டோக்கனும் ரத்து செய்யப்பட்டன.

அதனால் ஒவ்வொரு ஆப்புக்கும் நான் பார்ப்பது இது.

என்ன ஸ்கோப் (அனுமதி எல்லை) கேட்கிறது? 'ஃபுல்' என்று கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலான ஆப்புக்கு 'ஏபிஐ' ஸ்கோப்போடு ரெஃப்ரெஷ் டோக்கன் (காலாவதியானதைப் புதுப்பிக்கும் டோக்கன்) போதும். ஆனால் ஸ்கோப் சின்னதாக இருப்பதால் மட்டும் நிம்மதி வேண்டாம். 'ஏபிஐ' ஸ்கோப் என்றால் இணைத்த பயனர் பார்க்கக்கூடிய அத்தனையையும் அந்த ஆப் பார்க்கும். உண்மையான வேலி பயனர்தான். அட்மின் தன் சொந்தக் கணக்கில் 'அனுமதி' பொத்தானை அழுத்துவதுதான் இருக்கிற தவறுகளிலேயே பெரியது. எண்டர்பிரைஸில் ஏபிஐ-க்கு மட்டுமான இண்டகரேஷன் பயனர் லைசென்ஸ் ஐந்து சும்மாவே வருகிறது. ஆப்புக்கு ஒன்று எனக் கொடுத்து, அந்த ஆப்புக்குத் தேவையான ஆப்ஜெக்டும் ஃபீல்டும் மட்டும் திறந்துவிடுங்கள். எஸ்எம்எஸ் ஆப்புக்கு கேஸ் எதற்கு?

விற்பவர் எந்த ஐபி முகவரிகளிலிருந்து வருவார் என்று நிலையான பட்டியல் தந்தால், அந்தப் பயனரின் ப்ரொஃபைலில் லாகின் ஐபி வரம்பு போட்டுவிடுங்கள். திருடிய டோக்கனை வேறிடத்திலிருந்து பயன்படுத்தினால் வேலை செய்யாது. கனெக்டட் ஆப் (வெளி ஆப்பின் இணைப்பு) அமைப்பில் ஐபி தளர்வு போட்டிருந்தால் இந்த வேலி விழுந்துவிடும், அதையும் பாருங்கள். பட்டியல் தர முடியாது என்பவர்களுக்கு என் கணக்கில் மதிப்பெண் குறையும்.

#10 கோடைமழை

ஆப்எக்ஸ்சேஞ்சில் வர வேண்டுமென்றால் பாதுகாப்பு ஆய்வில் தேறித்தானே வருகிறார்கள்? எஸ்ஓசி 2 சான்றும் (தணிக்கையாளர் தரும் பாதுகாப்பு அறிக்கை) வைத்திருக்கிறார்கள். இதற்குமேல் ஒரு சின்ன நிறுவனம் எதைத் தோண்ட முடியும்?

#11 சாவிக்கொத்து

ஆய்வு வீண் என்று சொல்லவில்லை. அனுமதியைச் சரிபார்க்காத குறியீடு, வினவலில் ஊடுருவல் போன்ற தெரிந்த தவறுகளை அது பிடித்துவிடும். ஆனால் மேலே சொன்ன சம்பவத்தில் தாக்கியவர்கள் முதலில் நுழைந்தது விற்பவரின் கிட்ஹப் (குறியீடு வைக்கும் தளம்) கணக்கில். அங்கிருந்து டிரிஃப்ட்டின் கிளவுட் சூழலுக்குப் போய் டோக்கனை எடுத்தார்கள். பேக்கேஜ் குறியீட்டை எத்தனை முறை ஆய்ந்தாலும் இது அகப்படாது.

எஸ்ஓசி 2 என்றால் டைப் 1-ஆ, டைப் 2-ஆ என்று பாருங்கள். முதலாவது, ஒரு குறிப்பிட்ட தேதியில் கட்டுப்பாடுகள் இருந்தன என்று சொல்லும். இரண்டாவது, சில மாத காலம் அவை உண்மையிலேயே நடைமுறையில் இருந்தன என்று சொல்லும். அறிக்கையில் விதிவிலக்குகள் என்று ஒரு பகுதி வரும், அதைப் படித்தால் போதும், மீதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்தச் சேவையை ஆய்ந்தார்கள் என்பதும் முக்கியம். நிறுவனம் வேறொரு ஆப்பை வாங்கிச் சேர்த்திருந்தால், நீங்கள் வாங்கப்போவது அந்த எல்லைக்கு வெளியே இருக்கலாம்.

சின்ன நிறுவனம் தோண்ட வேண்டியது நாலு கேள்விதான்: எங்கள் டோக்கனை எங்கே, எப்படி மறைகுறியிட்டு வைக்கிறீர்கள்? உங்கள் ஊழியரில் யாரால் எடுக்க முடியும்? கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள்? எங்கள் தரவு உங்களிடமிருந்து வேறு யாருக்குப் போகிறது? தெளிவாகப் பதில் சொல்லும் ஆளிடம் உங்களை இணைத்துவிடுகிறார்களா என்பதே பாதி விடை.

கூடவே ஒரு வேலை. கனெக்டட் ஆப்ஸ் ஓஆத் யூசேஜ் பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். எப்போதோ யாரோ முயன்று பார்த்துவிட்டு மறந்த ஆப்கள் இன்னும் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும். புதுசு வாங்கும் முன் அவற்றை வெளியேற்றுங்கள்.

#12 கோடைமழை

பார்த்தேன். ஏழு ஆப் இருக்கிறது, அதில் மூன்றின் பெயரே யாருக்கும் தெரியவில்லை. நன்றி.

#13 மெழுகுத்தாள்

பிடிஎஃப் ஆப் பற்றி. விலைப்புள்ளியின் பொருள் அட்டவணையில் 0 வரிசை, 1 வரிசை, 60 வரிசை என்று மூன்று விதமாக உருவாக்கிப் பாருங்கள். பூஜ்யத்தில் அட்டவணைத் தலைப்பு மட்டும் தொங்கும் அல்லது பிழை வரும். 60-இல் பக்கம் உடையும் இடத்தில் ஒரு வரி இரண்டாகக் கிழியும், அடுத்த பக்கத்தில் தலைப்பு மறுபடி வராது. மொத்தத் தொகை ஆப் கணக்கிட்டதா, சிஆர்எம்-மில் இருக்கும் மதிப்பா என்று பாருங்கள். ஆப் தானே கூட்டினால் ஒவ்வொரு வரியையும் முழுமையாக்கிக் கூட்டுவதும், கூட்டிவிட்டு முழுமையாக்குவதும் வேறு வேறு எண் தரும். வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

தமிழில் ஆவணம் தருபவர்கள் 'கொள்கை' என்ற சொல்லை அச்சிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்தை வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் எஞ்சினாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். கட்டத்தை எழுத்துரு ஏற்றிச் சரிசெய்யலாம். கொம்பு இடம் மாறுவதைப் பயனர் சரிசெய்ய முடியாது, எஞ்சினை மாற்றினால்தான் உண்டு. வார்ப்புருவை வேர்டு கோப்பாக ஏற்றும் ஆப் என்றால் இறங்கும் பிடிஎஃப்பை மட்டும் பாருங்கள், முன்னோட்டம் உலாவியில் தெரிவது, அதில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

வார்ப்புரு யாருடையது என்பதும் உண்டு. உங்கள் 15 வார்ப்புருவும் ஆப்பின் சொந்த வடிவில் இருந்தால் வெளியேறும்போது 15-ஐயும் புதிதாகச் செய்ய வேண்டும். வேர்டு கோப்பு என்றால் குறியீடுகளை மாற்றினால் போதும்.

#14 எண்ணிப்பார்

எஸ்எம்எஸ்-க்கும் இதே கதை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 குறி. தமிழ் ஒரு எழுத்து வந்தாலும் மொத்தச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். நீண்ட செய்தி துண்டாகும்போது துண்டுக்கு 153, தமிழ் என்றால் 67. அதுவும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணாது. 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்து, கணக்குக்கு ஏழு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக்குறி. 'செய்திக்கு இவ்வளவு' என்று விலை சொன்னால் செய்தி என்றால் துண்டா, முழுசா என்று கேளுங்கள். எழுதும் திரையிலேயே துண்டு எண்ணிக்கை காட்டாத ஆப்பில் செலவு எகிறுவது மாதக் கடைசியில்தான் தெரியும். வேர்டிலிருந்து வெட்டி ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறி ஒன்றே ஆங்கிலச் செய்தியையும் 70-க்கு இறக்கிவிடும்.

இன்னொன்று, இது ஆபத்தானது. முழு நகல் சாண்ட்பாக்ஸில் பயனர்களின் மின்னஞ்சலுக்குப் பின்னால் ஒரு ஒட்டு போட்டு சேல்ஸ்ஃபோர்ஸ் முடக்கிவிடும். ஆனால் வாடிக்கையாளர்களின் போன் எண்ணும் மின்னஞ்சலும் அப்படியே அசலாக இருக்கும். அங்கே எஸ்எம்எஸ் ஆப்பைச் சோதித்தால் அசல் வாடிக்கையாளருக்குச் செய்தி போகும். சோதனைக்கு முன் எண்களை மறைத்து எழுதுங்கள், அல்லது வெற்று சாண்ட்பாக்ஸில் உங்கள் எண்ணை மட்டும் வைத்துச் செய்யுங்கள். மின்னஞ்சல் ஆப் என்றால் நேர்மாறான குழப்பம் வரும். புது சாண்ட்பாக்ஸில் 'சிஸ்டம் மின்னஞ்சல் மட்டும்' என்ற அமைப்பு இருப்பதால் எதுவுமே போகாது, ஆப் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

#15 கிழக்குவாசல்

சேல்ஸ்ஃபோர்ஸ் இல்லாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அதனால் சுருக்கமாக. ஹப்ஸ்பாட்டில் (இன்னொரு சிஆர்எம்) ஓஆத் வழியே வரும் ஆப் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குக்கு 10 விநாடிக்கு 110 அழைப்பு என்பது வரம்பு. தாண்டினால் 429 பிழை. ஆப் அப்போது காத்திருந்து மறுபடி அனுப்புகிறதா, அந்தத் தகவலை அப்படியே விட்டுவிடுகிறதா என்பதுதான் தரத்தைக் காட்டும். 5,000 தொடர்பை ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணுங்கள். அங்கே தொடர்புகளை மின்னஞ்சலை வைத்துத்தான் ஒன்றாக்கும், ஆகவே போன் எண் மட்டும் அனுப்பும் ஆப் இரட்டை ரெக்கார்டுகளைக் கொட்டும். லைஃப்சைக்கிள் ஸ்டேஜ் (தொடர்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற ஃபீல்டு) ஏபிஐ வழியாக முன்னோக்கித்தான் நகரும், பின்னால் போக முதலில் காலி செய்ய வேண்டும். இது தெரியாத ஒத்திசைவு ஆப்கள் பிழையே காட்டாமல் தவறான நிலையில் நிற்கும். ஆப்பை நீக்கினாலும் அது உருவாக்கிய பிராப்பர்டிகள் (ஃபீல்டுகள்) அங்கேயே கிடக்கும், அதைத் துடைப்பது உங்கள் வேலை.

ஜோஹோ சிஆர்எம்-மில் அணுகல் டோக்கன் ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், புதுப்பிப்பு டோக்கன் ஒரு பயனருக்கு 20 வரை. அதைத் தாண்டினால் பழையது சத்தமில்லாமல் அழியும். சோதனையில் ஒரே கணக்கை வைத்துத் திரும்பத் திரும்ப இணைத்தால் முதலில் இணைத்தது அறுந்துபோகும், ஆப்பைக் குறை சொல்வார்கள். தரவு மையம் வேறாக இருந்தால் ஏபிஐ முகவரியும் வேறு. ஒரே முகவரியைக் குறியீட்டில் எழுதிவைத்த எக்ஸ்டென்ஷன் மற்ற மையங்களில் உள்ளவர்களுக்கு இணையவே இணையாது.

#16 மூன்றாம்வரிசை

இரண்டு ஆப்கள் ஒரே ஃபீல்டை எழுதும்போது வரும் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனைநிழலின் பட்டியலில் அது நிச்சயம் வரும், போன் ஆப்பும் எஸ்எம்எஸ் ஆப்பும் இரண்டுமே போன் எண்ணைத் திருத்தும் பழக்கம் கொண்டவை. ஒன்று நாட்டுக் குறியோடு எழுதும், மற்றது இடைவெளியை நீக்கி எழுதும். ஒவ்வொரு திருத்தமும் அடுத்ததை எழுப்பும். ஃபீல்டு வரலாற்றை இயக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு பெயர்கள் மாறி மாறி வரும். ஆப்புக்கு ஒரு பயனர் என்று மேலே சொன்னது இங்கேயும் உதவும். இரண்டும் அட்மின் பெயரில் ஓடினால் யார் எழுதினார் என்றே தெரியாது.

இணைத்தல் சோதனையும் உண்டு. இரண்டு காண்டாக்டை ஒன்றாக்குங்கள். தோற்ற ரெக்கார்டின் ஐடி செத்துவிடும். ஆப் தன் பக்கம் அந்தப் பழைய ஐடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த ஒத்திசைவில் பிழை எறியும், அல்லது நீங்கள் இப்போதுதான் ஒழித்த இரட்டையை மறுபடி உருவாக்கும்.

#17 பனைநிழல்

அருமை. ஒரு நடைமுறைக் கேள்வி: இலவசச் சோதனைக் காலம் இரண்டு வாரம்தான் தருகிறார்கள். மூன்று வகை, வகைக்கு நாலு ஆப். எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க முடியாதே?

#18 தரவுத்தச்சன்

முடியாது, தேவையும் இல்லை. வகைக்கு இரண்டாகக் கேள்வியிலேயே வடிகட்டுங்கள். போலிங் கேள்வி, டோக்கன் கேள்வி, தரவை இறக்கித் தரும் கேள்வி, இந்த மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினால் பாதிப்பேர் தாமே விலகிவிடுவார்கள். கடைசி வெளியீடு எப்போது என்பதையும் பட்டியல் பக்கத்தில் பாருங்கள். தளம் வருடத்துக்கு மூன்று முறை மேம்படுகிறது, இரண்டு வருடம் அசையாத ஆப் அதற்கு ஈடுகொடுக்காது. மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்றைப் படியுங்கள், குறை குறிப்பாக எழுதப்பட்டிருப்பது அங்கேதான்.

மீதியிருக்கும் ஆறை ஒரே சாண்ட்பாக்ஸில் குவிக்காதீர்கள், ஒன்றின் குறையை மற்றது மறைக்கும். டெவலப்பர் சாண்ட்பாக்ஸ் ஒன்றில் ஒரு போன், ஒரு பிடிஎஃப், ஒரு எஸ்எம்எஸ் என்று நீங்கள் உண்மையில் வாங்கக்கூடிய கூட்டணியாகப் போடுங்கள். முதல் மூன்று நாள் நிறுவல், அனுமதி, சாதாரண பயனர். அடுத்த மூன்று நாள் 1, 200, 201, இணைத்தல், ஃபீல்டு சண்டை. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் அழைப்பு அதிகம் போடும் இருவரை உட்கார வைத்து நிஜ வேலை செய்யவிடுங்கள், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அதே வாரத்தில் ஆதரவுக் குழுவுக்கு ஒரு கஷ்டமான கேள்வி அனுப்பி, எப்போது யார் பதில் தருகிறார் என்று பாருங்கள். விற்பனையாளர் வழியாக அனுப்பாதீர்கள், சாதாரண வாடிக்கையாளர் அனுப்பும் வழியிலேயே அனுப்புங்கள். கடைசி இரண்டு நாள் நீக்கல்.

#19 மெழுகுத்தாள்

ஒப்பந்தத்தில் இரண்டு இடம் மட்டும். தானாகப் புதுப்பிப்பு எத்தனை நாளுக்கு முன் மறுக்க வேண்டும் என்பது ஒன்று, 30 என்று நினைத்தால் 90 என்று இருக்கும். அடுத்து, லைசென்ஸ் 60 பேருக்கும் கட்டாயமா, பயன்படுத்தும் 20 பேருக்கு மட்டும் வாங்கலாமா என்பது. 20 என்று சொன்னால், லைசென்ஸ் இல்லாத ஒருவர் அதே ரெக்கார்டைத் திறந்து சேமிக்கும்போது பக்கத்தில் என்ன தெரிகிறது என்பதையும் சாண்ட்பாக்ஸில் பார்த்துவிடுங்கள். திரையில் ஆப்பின் கட்டம் இருந்த இடத்தில் சிவப்புப் பிழை வந்தால், ஒரு மாதத்தில் 60-க்கும் வாங்க வேண்டிவரும்.

#20 பனைநிழல்

போன் ஆப் நாலு பேருக்கும் மூன்று கேள்வியை அனுப்பிவிட்டேன். ஒருவர் மட்டும் உடனே பதில் தந்தார்: போலிங் 30 விநாடிக்கு ஒரு முறை, பயனர் கணக்கில்.

#21 எண்ணிப்பார்

60 × 2,880 = 1,72,800. உங்கள் வரம்பு 1,60,000. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, இடைவெளியை மாற்ற முடியுமா, வேலைநேரத்துக்கு மட்டும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். 2 நிமிடம், 10 மணி நேரம் என்றால் 18,000-க்கு இறங்கிவிடும், அது தாங்கும். முடியாது என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.